பரம்புப் பலகையில் நின்றவள்

சந்தியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் இதுவரை பதினான்கு பேர். பதினான்கு பேரும் ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். உயரம் ஜாஸ்தி என்றான் ஒருத்தன். அன்றிலிருந்து அவள் குதிகால் செருப்பைத் தொடவில்லை, போட்டோவுக்கு நிற்கும்போது முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளப் பழகினாள். சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது என்றாள் இன்னொருத்தனின் அத்தை, சிரிப்பைக் குறைத்தாள். எம்.எஸ்சி. கணக்கு படித்த பெண் பி.காம். மாப்பிள்ளையை மதிக்குமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். படிப்பைக் குறைக்க வழியில்லை. இருந்திருந்தால் அவள் அம்மா கொளஞ்சியம்மாள் அதையும் குறைத்திருப்பாள். முப்பத்தோரு வயதுக்குள் ஒரு பெண்ணிடமிருந்து இன்னும் எவ்வளவுதான் வெட்டி எடுப்பார்களோ, போங்கள்.

வீடு மணலூர்பேட்டையைத் தாண்டி. அப்பா கந்தசாமிக்கு மூன்று ஏக்கர் நெல்லும் கொஞ்சம் கரும்பும். சந்தியா தியாகதுருகத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கந்தசாமி நல்ல மனுஷன். ஒரே ஒரு வியாதி, எதைக் கண்டாலும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிடுவார். கரும்பு வெட்டினால் ஸ்டேட்டஸ், பசு கன்று போட்டால் ஸ்டேட்டஸ். மோட்டார் காயில் எரிந்துபோனதைக்கூட வைத்தவர் அவர்.

பதினைந்தாவது வரன் இளமாறன். ஆத்தூர்க்காரன், சென்னையில் கம்பெனி வேலை. பெரியம்மா முறையாகும் ரங்கம்மாள் கொண்டுவந்த சம்பந்தம். மூன்று வாரமாக இருவரும் போனில் பேசினார்கள். சந்தியாவின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொண்டு, யார் எத்தனை மார்க் என்று அவன் கேட்டான். "எனக்கு தைரியமான பொண்ணுதாங்க புடிக்கும்" என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்கு அவள் தன்னை மறந்து பழைய சத்தத்தோடு சிரித்துவிட்டாள். அவனும் கூடச் சிரித்தான். இவன்தான் வேண்டும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. முந்தைய பதினான்கு பேரில் ஒருத்தனைக்கூட அவள் அப்படி நினைத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் முதல் பார்வையை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. கோயிலிலோ துணிக்கடையிலோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி வைத்துக்கொள்வார்கள். ஒத்துவராமல் போனால் தெருவுக்குத் தெரியக் கூடாது பாருங்கள். ரங்கம்மாள்தான் இந்தத் தடவை இடத்தை மாற்றினாள்.

"கோயில் வாணாண்டி கொளஞ்சி. நம்மள பாத்துப் பாத்து பூசாரிக்கே சலிச்சிப்போச்சி. கல்வராயன் மலை அடிவாரத்துல புதுசா தண்ணி பார்க்கு தொறந்துக்கிறாங்களாம். மாப்புள வூட்டுப் பசங்களுக்கும் மே மாச லீவு. லீவுக்கு வந்த ஜனமாட்டம் போய் பாத்துக்கினு வந்துடலாம்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் காரில் போய் இறங்கினார்கள். பெரிய குளம் ஒன்று வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் இரும்புக் கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் மேலே ஓடும் கம்பி வடம். அதிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு நின்றால், மோட்டார் ஆளைத் தண்ணீர் மேல் குளத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகும். கேபிள் வேக்போர்டிங் என்று வாசலில் எழுதியிருந்தது. வருகிற வழியெல்லாம் ஜனங்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்ற நாளில் இந்தக் குளம் மட்டும் கரை ததும்பிக் கிடந்தது.

"இதுல கால்வாசிய நம்ம கரும்புக்கு வுட்டாக்கூட..." என்று ஆரம்பித்தார் கந்தசாமி.

"கம்முனு வாய்யா. வந்த எடத்துல கரும்பு பேசிக்கினு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மாப்பிள்ளை வீட்டாரின் கார் சின்னசேலத்தில் பஞ்சர். வர ஒரு மணி நேரம் ஆகும் என்று ரங்கம்மாளுக்குப் போன் வந்தது. டிக்கெட்டுக்கு இரண்டு சுற்று உண்டு; சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒன்றைப் போய்விட்டு வாயேன் என்றார் அப்பா. சந்தியா மாற்றுடை போட்டு, லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டி, கரையில் போய் உட்கார்ந்தாள். அங்கே பயிற்சி கொடுக்க பாரதி என்று ஒரு பெண் இருந்தாள்.

"கால மடக்கிக்கோங்க அக்கா. பின்னாடி சாஞ்சிக்கோங்க. நீங்க கயிற இழுக்கக் கூடாது, கயிறு உங்கள இழுக்கணும்."

சந்தியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வயதில் அப்பா சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறாள் இவள். சேறடித்த வயலைச் சமப்படுத்த மாட்டுக்குப் பின்னால் பரம்புப் பலகை கட்டுவார்கள். பலகை சேற்றில் அழுந்தி ஓடுவதற்குப் பாரம் வேண்டும். கந்தசாமி வீட்டில் அந்தப் பாரம் சந்தியாதான். மாடு ஓட, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நிற்பாள். முதல் இரண்டு நாள் முகம் முழுக்கச் சேறு. மூன்றாம் நாளிலிருந்து வரப்பு மூலையில் மாடு திரும்பும்போதுகூட விழுந்ததில்லை. பெரிய மனுஷியான வருஷம் அம்மா நிறுத்திவிட்டாள்.

வடம் இழுத்தது. சந்தியா நின்றாள். அவ்வளவுதான், நின்றாள். முதல் கம்பத்தில் கயிறு வெடுக்கென்று திரும்பியபோது அவள் இடுப்பு தானாகத் திரும்பியது. முகத்தில் காற்று அடித்தது, எதிரே மலை. முழங்காலை மடக்கி நிற்பதுதான் இங்கே சரியான நிலை. உயரத்தைக் குறைப்பதற்காக மடக்கியதல்ல அது. அவள் வாய்விட்டுச் சிரித்தது கரை வரைக்கும் கேட்டது. முழுச் சுற்று முடித்துக் கரைக்கு வந்தாள்.

"ஏற்கெனவே பண்ணிருக்கீங்களா அக்கா?" என்றாள் பாரதி.

"எங்க வயல்ல" என்றாள் சந்தியா, மூச்சு வாங்க.

கந்தசாமி முழுதையும் போனில் பிடித்திருந்தார். உடனே ஸ்டேட்டஸும் வைத்தார். அடிவாரத்தில் போன் பேச முடிந்தது, நெட் எடுக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதை மறந்தும்போனார்.

சந்தியா உடை மாற்றித் தலை சீவி முடித்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இளமாறனோடு அவன் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள். நேரில் அவன் சந்தியாவைவிட ஒரு விரற்கடை குட்டை. அவளுடைய முழங்கால் யாரும் சொல்லாமலே மடங்கியது. "போன்ல கேட்ட மாதிரியேதான் இருக்கீங்க" என்றான் அவன். நல்லவனாகத்தான் தெரிந்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

"மாமா, நீங்க போங்க மாமா" என்று பிள்ளைகள் அவனைப் பிடுங்கித் தின்றன. போனான். வடம் இழுத்ததும் தொப்பென்று விழுந்தான். மறுபடி போனான், மறுபடி விழுந்தான். நாலாவது தரம் பத்தடி போய்க் குப்புற விழுந்தபோது பிள்ளைகள் குதித்துக் குதித்துச் சிரித்தன. அவன் அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "ரோப்ப லூசா வுட்றாங்க" என்றான் இளமாறன், மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே. பிறகு எல்லோர் பார்வையையும் தன்மேலிருந்து தள்ளிவிட வேண்டும்போல, "சந்தியா, நீங்க ஒரு ரவுண்டு போங்களேன்" என்றான்.

லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை மாட்டிவிட வந்த கொளஞ்சியம்மாள் அதை இறுக்கிக்கொண்டே காதோடு சொன்னாள்: "நின்னுக்கினு போவாத. வுழுந்துடு."

"இன்னாம்மா சொல்ற?"

"அந்தப் புள்ள நாலு தரம் வுழுந்துகிது. நீ ராணியாட்டம் சுத்திக்கினு வந்தியின்னா இன்னிக்கே முடிஞ்சிது. பதினாறாவது ஆளத் தேட என்னால முடியாதுடி, என் தாயே. வுழுந்துடு."

கரையில் உட்கார்ந்தபோது பாரதி, "அக்கா, காலையில மாதிரியே..." என்று வாயெடுத்தாள். சந்தியா வேண்டாம் என்று தலையசைத்தாள். பாரதி அவளைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

வடம் இழுத்தது. சனியன் பிடித்த கால்கள் எழுந்து நின்றுவிட்டன. ஒரு விநாடி, இரண்டு விநாடி. விழுவது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. முழங்காலை விறைப்பாக நிமிர்த்தி, கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள். பரம்பில் முதல்நாள் செய்த தப்பு அது. தண்ணீர் கன்னத்தில் அறைந்தது.

இளமாறனின் அம்மா கைதட்டினாள். "பாவம், பொம்பளப் புள்ளைக்கு இன்னா தெரியும்!" என்று சிரித்தாள். இளமாறன் ஓடிவந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"பயந்துட்டீங்களா? மொத தரம் அப்படித்தான் இருக்கும். நான் அப்புறம் சொல்லித்தரேன்."

"சரிங்க" என்றாள் சந்தியா. அவன் கை வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு வெட்கக்கேடாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது.

கிளம்புவதற்குள் அவன் அம்மா ஈரத் தலையிலேயே முல்லைச் சரத்தை வைத்துவிட்டாள். பூ வைத்தாயிற்று என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. கந்தசாமி வருங்காலச் சம்பந்தியின் நம்பரைப் பதிந்துகொண்டார், அவரும் இவருடைய நம்பரைப் பதிந்துகொண்டார். ரங்கம்மாள் அவர்களோடு பேசி முடிக்க அவர்கள் காரிலேயே ஏறிக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியைத் தொட்டதும் நெட் வந்தது. காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த வட்டம், கந்தசாமியின் சட்டைப் பைக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல் நின்றது.

தியாகதுருகத்தில் டீ குடிக்க இறங்கினார்கள். கொளஞ்சியம்மாளின் போன் அடித்தது. ரங்கம்மாள்.

"ஏண்டி, பொண்ணு அந்தப் போடு போட்டுக்கினு போவுது, உம் புருசன் அத ஊருக்கே காட்டிக்கினுகிறாரு! மாப்புளையோட அப்பா கார்லயே பாத்துட்டாரு. 'பரம்பு மேல நின்ன காலு, எங்க பாப்பா'ன்னு எழுதி வேற வச்சிகிறாரு. எங்க முன்னாடி வுழுந்து நடிச்சிதா, இவ்ளோ நடிப்பு எங்க வூட்டுக்கு வாணாம்ன்றாங்க. என்ன சின்னசேலம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுட்டாங்கடி."

கந்தசாமி போனை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். "எனக்கு இன்னா தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினது எங்கிட்ட சொன்னீங்களா?" என்றார்.

சந்தியாவின் போனுக்கும் செய்தி வந்தது. "வேணும்னே விழுந்தீங்களா? என்னப் பாத்தா அவ்ளோ எளக்காரமா போச்சா உங்களுக்கு?" இல்லீங்க என்று அடித்தாள். அழித்தாள். அவள் நின்றிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? கைதட்டியிருப்பானோ என்னவோ. தைரியமான பெண் பிடிக்கும் என்று சொன்னவன்தானே. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே சுற்றை அவளே தண்ணீரில் போட்டுவிட்டாள். இனிமேல் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அழிச்சிட்றேன் பாப்பா, அழிச்சிட்றேன்" என்றார் அப்பா.

"வாணாம்பா. எங்கிட்ட குடு."

வாங்கிப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் மேல் யாரோ உயரமாக ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கொளஞ்சியம்மாளின் குரல், சந்தோஷத்தில் தொண்டை கிழிய: "நில்லுடி! அப்படித்தான்! எம் பொண்ணு நிக்கிறா பாருங்க! வுழுந்துடாதடி, வுழுந்துடாத!"

டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் டம்ளரை பெஞ்சில் வைத்தாள்.

"நிறுத்துடி அத" என்றாள்.

சந்தியா தலையிலிருந்த முல்லைச் சரத்தை உருவி அம்மாவின் மடியில் வைத்தாள். பிறகு வீடியோவை முதலிலிருந்து போட்டாள்.