மண் தட்டுப் பக்கம் போகாத பூனை

ஐந்து வயதில் வந்த காய்ச்சலோடு தையல்கார அக்காவுக்குக் காது போயிற்று. அதை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவர். துணிக்கடையிலிருந்து வரும் பேன்ட்டு, கோட்டுகளைப் பிரித்து அளவு குறைத்துத் தைத்துக் கொடுப்பார். மிஷினில் கோளாறென்றால் மிதிக்கிற பாதத்துக்கே தெரிந்துவிடும். வாசலில் ஆள் வந்தால் மட்டும் குண்டன் வேண்டும். காலடியில் கிடக்கும் அந்தப் பூனைப் பயல் கதவுப் பக்கம் காதைத் திருப்புவான், அக்கா எழுந்து போய்த் திறப்பார். தம்பியின் வண்டிக்கு ஒரு மாதிரி, தபால்காரருக்கு வேறு மாதிரி திருப்புவான். பதினோரு வருஷமாகியும் அக்காவுக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

அப்பேர்ப்பட்டவன் திடீரென்று, ஒன்றுக்கு இரண்டுக்குப் போக வைத்திருந்த மண் தட்டில் போவதை நிறுத்திவிட்டான். குளியலறை மூலையில் இருக்கும் தட்டை நோக்கிப் போவான், பாதியிலேயே திரும்பி ஓடிவந்து தைக்க வைத்திருக்கும் துணியை நனைப்பான். அக்கா மண்ணை மாற்றினார், தட்டைத் தேய்த்துக் கழுவினார், கால்நடை மருத்துவரிடமும் தூக்கிக்கொண்டு ஓடினார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார் அவர். மூன்றாவது வாரம் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு நாறிப்போயிற்று.

கூடவே இருக்கும் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. உதட்டசைவு தெரியும்படி முகத்துக்கு நேராக நின்று சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்க்கா. அப்புறம் நான் வேலை பார்க்கற குடோன்ல கொண்டுபோய் விட்டுடுவேன்."

"அவன் போயிட்டா வாசல்ல ஆள் வந்ததை யாருடா எனக்குச் சொல்லுவா?" வீட்டாருக்கு மட்டும் புரிகிற தன் குரலில் கேட்டார்.

"பெல் அடிச்சா எரியற மாதிரி லைட்டு போட்டுத் தரேன்."

லைட்டாம் லைட்டு.

சனிக்கிழமை காலை, தம்பி கிளம்பியதும் குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குண்டன் மெல்ல வந்தான். தட்டுக்கு இரண்டடி இருக்கும்போது அவன் காதுகள் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிக்கொண்டன. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய சத்தத்துக்குத்தான் அவன் அப்படி மடிப்பான். குழாய் சொட்டவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார், அதிர்வும் இல்லை. தட்டுக்கு மேலே, மூன்று வாரத்துக்கு முன் தம்பி வாங்கி ப்ளக்கில் மாட்டிய எலி விரட்டி மட்டும் நீல விளக்கோடு இருந்தது. அதைப் பிடுங்கினார்.

ஒரு காது நிமிர்ந்தது. பிறகு மற்றது. குண்டன் தட்டில் ஏறி, மண்ணைப் பறித்து, சாவகாசமாக உட்கார்ந்தான். அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

மத்தியானம் வந்த தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், விரட்டியை மாட்டிக் காட்டினார். கூடவே வந்த குண்டனின் காது மடிந்தது. பிடுங்கினார், நிமிர்ந்தது. தம்பி தானே மாட்டி, அதன் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டான். பிறகு அது வந்த அட்டைப்பெட்டியைத் தேடியெடுத்துப் படித்தான். மனிதர் காதுக்கு எட்டாத சத்தம் என்று அதில் போட்டிருந்தது.

"எனக்கே ஒண்ணும் கேக்கலையேக்கா. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அவன் காதைப் பார்த்தேன்."

தம்பி விரட்டியைப் பிடுங்கிவிட்டுத் தரையில் குந்தினான். வெளிச்சம் ஊடுருவுகிற அந்த மெல்லிய காதுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அக்கா உதட்டைப் படிக்கும்படி முகத்தை நிமிர்த்தினான்.

"இத்தனை வருஷமா, இந்த வீட்ல எனக்குக் காது கேக்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன்க்கா."