தண்ணீரில் இறக்கம் கிடையாது

மலைக்காரனிடம் இரண்டு படகு மோட்டார்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். நான் தெரியும் என்றேன். அதையும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட இப்போது இவ்வளவு உறுத்தாது.

நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இலை உருட்டும் மெஷின், டிராக்டர், மேனேஜரின் ஜீப், எது முனகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்துக்குள் அணைத் தண்ணீர் நாக்கு நீட்டியதுபோல நுழைந்து கிடக்கிறது. அக்கரையில் பதினான்கு வீடுகள். சாலை வழியாகச் சுற்றினால் பதினோரு கிலோமீட்டர், பெருமழை என்றால் அந்தச் சாலையும் இல்லை. அதனால் தோட்டம் ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், பெண்கள் இலை பறிக்கவும், காய்ச்சல்காரர்கள் டிஸ்பென்சரிக்கும் அதில்தான் வருவார்கள்.

படகோட்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கைக்குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். லைன் வீட்டை இன்னும் லயம் என்பார், மேனேஜரைத் தொரை என்பார். இருபது வருடம் துடுப்புப் போட்டு எங்கள் எல்லோரையும் அக்கரை சேர்த்தவர். அவருக்கு உதவியாகத்தான் மோட்டார் வாங்க முடிவாயிற்று. இரண்டு மோட்டார்களை வரவழைத்து, 'நீங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க' என்று மேனேஜர் என்னிடம் விட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்று சின்னது, புதுசு, ஐந்து குதிரைசக்தி. இன்னொன்று பழசு, ஆனால் பதினைந்து. இரண்டுமே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற ரகம். முதலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டேன். புகையின் நிறம் பார்த்தேன், பிளக்கைக் கழற்றி மோந்தேன். இன்ஜின் சூடாகாமல் இருந்தால் பக்கவாட்டில் ஒரு தண்ணீர் நூல் விடாமல் பீய்ச்சும் என்றார்கள், அதையும் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு படகில் எட்டு உர மூட்டைகளை ஏற்றி, எதிர்காற்றில் விட்டுப் பார்த்தேன். சின்னது இரண்டு இழுப்பில் உயிர் பிடித்தது, ஆனால் மூட்டைகளோடு நொண்டிக்கொண்டு போனது. பெரியது ஏழு இழுப்பு வாங்கியது. பிடித்த பிறகோ படகின் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

"சின்னதே போதும்ணே. கயிறு லேசா இருக்கு" என்றார் படகோட்டி.

"ஏனப்பா, இருவது வருசம் துடுப்புப் போட்ட கை, ஒரு கயித்த இழுக்கறதுக்கு நோவுதாக்கும்?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பெரிய மோட்டாரே நம்பகமானது என்று எழுதிக் கொடுத்தேன்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதை மலையில் வண்டி ஓட்டியவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கள் ஊரில் ஸ்டார்ட் ஆகாத வண்டி கெட்ட வண்டி அல்ல. வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவோம். காலையில் கல்லை எடுத்து, உருட்டிவிட்டு, கியரில் போட்டால் தானாக உறுமும். பேட்டரி செத்த ஜீப்பை இரண்டு வருடம் அப்படி ஓட்டியவன் நான். மேட்டில் மூச்சு வாங்குகிற வண்டிதான் எங்களுக்கு ஆகாத வண்டி. இழுவை இருக்கிறதா, அது போதும். முப்பது வருடமாக நான் இன்ஜின்களுக்கு மார்க் போட்டது இப்படித்தான்.

மார்கழி பிறந்து புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்ததும் பெரிய மோட்டார் தன் குணத்தைக் காட்டியது. காலையில் பத்து இழுப்பு, பன்னிரண்டு இழுப்பு. பழைய கார்புரேட்டர், கீழ்நாட்டுக் காற்றுக்குப் பழகியது. நான் இரண்டு முறை சுத்தம் செய்தும் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்தது. பிள்ளைகள் இரண்டாவது மணிக்குப் பிறகு பள்ளிக்குப் போனார்கள். பறிக்கிற பெண்களுக்கு அரை நாள் கூலி வெட்டானது. புகார் மேனேஜரிடம் போனது.

"மெஷின்ல கோளாறா, ஆள்ல கோளாறா? ஆள்னா சனிக்கிழமையோட நிறுத்திட்டு இளவட்டமா ஒருத்தனப் போட்டுடறேன்" என்றார் மேனேஜர்.

வேலை போனால் லயத்து வீடும் போகும். படகோட்டியின் மனைவி இளைப்புக்காரி, தோட்ட வேலைக்குப் போகிறவள் அல்ல. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் வாய் முந்திக்கொண்டது. "மெஷின் நல்ல மெஷின்தானுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. நாளைக்கு நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தேன்.

மறுநாள் விடியுமுன்பே சாலை வழியாக அக்கரைக்குப் போய், அங்கிருந்து நானும் படகில் வந்தேன். ஏழெட்டுப் பெண்கள் ஏறியிருந்தார்கள். படகோட்டி இடது கையால் கயிற்றை இழுத்தார். எட்டு, ஒன்பது, பத்து. எனக்குப் பொறுமை போய்விட்டது. தள்ளு என்று கயிற்றை வாங்கி இழுத்தேன், நாலாவது இழுப்பில் பிடித்தது. அப்பாடா, ஆள்தான் கோளாறு என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பாதித் தண்ணீரில் அது நின்றது. இழுத்தேன். பதினைந்து வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. பெட்ரோல் நாற்றத்தில் தொண்டை கமறியது. காற்று படகை மெல்ல ஒதுக்கி, மூழ்கிய மரங்கள் மொட்டையாக நிற்கிற பக்கம் கொண்டுபோனது. "ஒரே ஒரு தள்ளு தள்ளினாப் புடிச்சுக்குமுங்க" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம்.

"ஏனுங்க ஃபிட்டரு, இங்க எங்கீங்க எறங்கித் தள்றது?" என்றாள் ஒருத்தி. படகே சிரித்தது. நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். மூன்று மாதத்துக்கு முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது.

படகோட்டி ஒரு துடுப்பை எடுத்தார். என்னிடம் அந்தக் கேள்வி கேட்டவள், யாரும் சொல்லாமலே இன்னொன்றை எடுத்தாள். அவர்களுக்கு இது வாடிக்கை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவரை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. புகார் பள்ளிக்கூடத்திலிருந்தும் இலை எடை போடுகிற இடத்திலிருந்தும்தான் போயிருக்கிறது. துடுப்பைத் தூக்கும்போது அவருடைய வலது கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் பல்லைக் கடித்தார். தோள் போயிருந்தது. எங்களுக்காகத் துடுப்புப் போட்டே போன தோள். நான் அந்தக் கையைத்தான் கேலி செய்திருந்தேன்.

கரை சேர்ந்ததும் நேராக ஆபீசுக்குப் போனேன். "ஆள் மேல தப்பில்லீங்க. அந்த மோட்டாரத் தேர்ந்தெடுத்தது நான். தப்பு எம்மேலதானுங்க" என்றேன். தோளைப் பற்றி வாய் திறக்கவில்லை. மேனேஜர் என்னை நிற்கவைத்து நன்றாகக் கேட்டார். இனி மெஷின் வாங்குவதற்கு வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவேன் என்றார். வலித்தது, வாங்கிக்கொண்டேன்.

சின்ன மோட்டார் வந்தது. கார்புரேட்டரை எங்கள் மலைக்காற்றுக்குத் தகுந்தபடி திருத்தி நானே மாட்டினேன். எட்டுப் பேரோடு அது எருமை மாதிரி அசைந்துதான் போகும். ஆனால் முதல் நாள், புல்லில் பனி வெள்ளையாகக் கிடக்கும்போதே, படகோட்டி இடது கையால் இரண்டு தரம் இழுத்தார், பிடித்துக்கொண்டது. படகில் நானும் அவரும்தான் இருந்தோம்.

"தோள் இப்பிடி இருக்குதுன்னு அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். குறையாகத்தான் கேட்டேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே, "சொல்லியிருந்தா என்னண்ணே எழுதியிருப்பீங்க?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "ஆள மாத்தச் சொல்லித்தான் எழுதியிருப்பேன்" என்றேன்.

"தெரியும்ணே" என்றவர், காற்றுப் படாத பக்கமாக நான் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.