கேள்விக்காரி வீட்டுக்கு வந்த கேள்வி

தெருவே அவளைக் கேள்விக்காரி என்றுதான் கூப்பிடும். பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. நெரிசலைக் குறைக்கிறோம் என்று மொத்தச் சந்தையை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பழைய சந்தையைச் சுற்றியுள்ள வீடுகள் என்ன ஆயின என்று கேட்டுக் குறித்து வர வேண்டும். தெரிந்த முகமென்றால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நம்பி, அவள் தெருவையே அவளுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். பசி கூடியிருக்கிறது என்று ஆய்வு சொன்னால், புதுச் சந்தைக்கு வேலையாட்களை ஏற்றிப்போக அரசு பஸ் விடும். இல்லையென்றால் கிடையாது.

அந்த பஸ் அவள் வீட்டுக்கும் வேண்டும். புருஷன் அந்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அவ்வளவு தூரம் காசு கொடுத்துப் போய் வந்தால் கூலியில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டோடு இருந்து சமையலைப் பார்த்துக்கொண்டான். அவளோ ஆபீசில் சாப்பாடு போடுகிறார்கள் என்று அவனிடம் புளுகிவிட்டு, மதியத்தை டீயோடு ஓட்டினாள்.

கேட்க வேண்டிய வீடுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். இந்த முறை கடைசிச் சீட்டு அவள் வீட்டுக்கே விழுந்தது. சொந்த வீட்டில் தானே கேட்கக் கூடாது என்பது விதி. கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி வந்தாள். சமைக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். கேள்விக்காரி வெளியே ஜன்னலோரம் நின்றாள். வீட்டில் பற்றாக்குறை என்று உள்ளதைச் சொல்லித் தொலையேன் மனுஷா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"மத்தவங்களுக்குப் பத்தணும்னு, போன வாரம் வீட்ல யாராவது சாப்பிடாம இருந்தீங்களாண்ணே?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. வயிறார சாப்பிடறோம்."

தோழி வீட்டில் துருவிக் கேட்கக் கண்ணாடிக்காரிக்குக் கூச்சம். பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி அவன் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் அவன் ஒரு தட்டுதான் வைத்தான். தான் அப்போதே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான். தினமும் சொல்வதுதான். அன்றைக்குத்தான் அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். காலி. ஒரு ஆள் அளவுக்குத்தான் வடித்த தடம் இருந்தது. இவ்வளவு நாள் இதை நம்பிய தன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் இல்லையென்று சொன்னாய் என்று சண்டைக்குப் போனாள்.

அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "உன்கூட வேலை பாக்கற பொண்ணு. அவகிட்ட போய் எங்க வீட்ல சோறில்லன்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு உன்னை எப்படிப் பாப்பா?"

அவளுக்குத் திக்கென்றது. இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சிரித்த முகமாக 'இல்லை' என்றார்கள். அத்தனையையும் அவள்தான் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"அப்போ எதிர்வீட்டு அக்கா எங்கிட்ட இல்லைன்னாங்களே?"

"உங்கிட்ட எப்படிச் சொல்லுவாங்க? தினம் உன் முகத்துல முழிக்கணுமே."

மறுநாள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஆபீஸ் சாப்பாட்டுப் புளுகு உட்பட. அவர் முழுக்கக் கேட்டார். முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் கண்ணாடிக்காரி கொடுத்ததோடு கணக்கை முடித்து, நேற்றே அறிக்கை அரசுக்குப் போய்விட்டது என்றார்.

பஸ் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா அவளைப் பார்த்தால் இப்போதும் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். அவளும் ஆச்சுக்கா என்கிறாள்.