மாமாவின் தகரத் தடுப்பு

என் அப்பா ஒரு சந்தேகப் பிராணி. தறிக்கு வாங்கிய ஜரிகையை உரசிப் பார்ப்பார். காய்காரரின் தராசுக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் வீட்டில் வேலையில்லாத மைத்துனன் வந்து தங்கினால் கேட்கவா வேண்டும்?

மாமா, அம்மாவின் தம்பி. சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்தார். ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களைக் கூட்டிப்போகும் வேலையை எங்கள் தெருக்காரர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருந்தார். மலைக்குளிரில் நெருப்பு மூட்டினால் பாதிச் சூடு பின்பக்கமாகவே போய்விடுகிறதாம். அதைத் திருப்பிவிட மாமா ஒரு தடுப்பு செய்தார். காலி எண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, பழைய குடைக்கம்பிகளில் வைத்துக் கட்டினார். ஒரு சாயங்காலம் புழக்கடையில் அதை நிறுத்தி, முன்னால் நெருப்பு மூட்டினார். எதிரே உட்கார்ந்த எனக்கு முகமெல்லாம் கதகதவென்றது. அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பா வந்தார். பழைய பட்டுப்புடவையை எரித்தால் ஜரிகையின் வெள்ளி சாம்பலில் மிஞ்சும் என்பது எங்கள் ஆரணியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். புழக்கடையில் நெருப்பு, அதை மறைக்க ஒரு தகரம். அவருக்கு வேறென்ன தோன்றும்?

"இன்னாடா எரிச்சிகினு இருக்க?"

"வெறகுதாங்க. சூடு எப்டி திரும்புதுன்னு பாத்துகினு இருக்கேன்."

அப்பா குச்சியால் சாம்பலைக் கிளறினார். ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. "பீரோவைத் தொற" என்றார் அம்மாவிடம்.

சாவி எப்போதும் அம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். அன்று அதை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. திறந்தால், கல்யாணப் புடவையைக் காணோம். அப்பா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. அம்மா பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்பா பணம் தர மறுத்த பள்ளியில் அந்த ஆண்டுதான் அவள் என்னைச் சேர்த்திருந்தாள். பணத்துக்கு என்ன செய்தாள் என்று நான் யோசித்ததே இல்லை.

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். "நான்தாங்க எடுத்தேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொய்யி! வெறகுதான் எரிச்சாரு, நான் பாத்துகினே இருந்தேன்!" என்று கத்தினேன். பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்று அப்பா என்னை ஒதுக்கித் தள்ளினார். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. திருடனுக்கு யார் வேலை தருவார்கள்? மலை வேலை அன்றோடு போயிற்று.

மாமா பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அம்மா வாசலுக்கு ஓடினாள். நாலு வார்த்தை நன்றாகத் திட்டப்போகிறாள் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் திட்டவில்லை. அழுதுகொண்டே, தன் சொந்தத் தம்பியை இரண்டு கையாலும் கும்பிட்டாள். சாமி வந்தவர்களைத்தானே அப்படிக் கும்பிடுவார்கள் என்று நான் மாமாவை உற்று உற்றுப் பார்த்தேன். அவருக்குச் சாமியெல்லாம் வந்த மாதிரித் தெரியவில்லை, பஸ்ஸுக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்.