சாக்கா? இருக்கே

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறவள் நான். முப்பது ஆண்டுகள் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். அமானுஷ்யக் கதைகள் இருந்த அலமாரியைத் தூசி தட்டி அடுக்கியிருக்கிறேன், எடுத்துப் படித்தும் இருக்கிறேன், ஒன்றைக்கூட நம்பியதில்லை. இன்றைக்கும் அவற்றையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் நம்புகிறேன், ஏனென்றால் இது எனக்கு நடந்தது, அதுவும் காலை பதினொரு மணி வெயிலில், ஓர் அவரைத் தோட்டத்தில். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. கேட்டுவிட்டு மட்டும் போங்கள்.

என் கணவர் ஜெயசீலன் காட்பாடிக்காரர். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து பெங்களூருக்கு வந்தவர். லிங்கராஜபுரத்தில் இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டை மெதுவாகக் கட்டினோம். வாரத்தில் ஒரு நாள் ஸ்கூட்டரில் நகரத்தை விட்டு வெளியே போவோம். பேர்பெற்ற இடம் எதற்கும் அல்ல. ஏதாவது ஏரிக்கரை, ராகிக் கொல்லையின் வரப்பு, ஒரு புங்க மரத்தடி. கையில் எலுமிச்சைச் சோறு. இருட்டுமுன் திரும்பிவிடுவோம். வழியில் வாங்கிய காயைக் கூடத்தில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி, வானொலியை வைத்துவிட்டு, டீயைக் குடித்தபடி உரிப்போம். ஊட்டி, கொடைக்கானல்கூடப் பார்க்காதவர்கள் என்று உறவினர்கள் எங்களுக்காகப் பரிதாபப்பட்டதுண்டு. அந்தப் பரிதாபத்தை நான் ஒருநாளும் வாங்கிக்கொண்டதில்லை.

அவரைக்காய்க்குப் பனி இறங்கினால்தான் மணம். அந்த மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று பெயர். எங்கள் பெங்களூர்த் தமிழிலும் அதுவேதான். கல்யாணமாகி வந்த முதல் ஜனவரியில், ஹொஸ்கோட்டே தாண்டி ஒரு தோட்டத்தோரம் வண்டியை நிறுத்தினோம். கங்கம்மா என்ற பெண் காய் பறித்து எங்கள் பையில் போட்டுக்கொண்டே "சாக்கா?" என்று கேட்டாள். கன்னடத்தில் அது 'போதுமா' என்ற கேள்வி. ஊருக்குப் புதிதான அவர் காதில் அது தமிழாகவே விழுந்தது. "சாக்கா? இருக்கே!" என்று ஓடிப்போய், ஸ்கூட்டரிலிருந்து ஒரு கோணிச் சாக்கை எடுத்து வந்து வாயை விரித்துப் பிடித்தார். கங்கம்மா ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சாக்கு நிறையக் கொட்டினாள். மூன்று மாலை உரித்தோம். ஊறவைத்துப் பிதுக்கிய பருப்பில் தெருவே குழம்பு வைத்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் 'போதுமா' என்ற கேள்விக்குப் பதில் அதுதான். சோறு போட்டாலும் டீ ஊற்றினாலும் "சாக்கா? இருக்கே" என்று தட்டையோ தம்ளரையோ நீட்டுவார். மருத்துவமனையில் கடைசியாகக் கஞ்சி கொடுத்தபோதும் போதுமா என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் "போதும்" என்றார்.

அவர் போன ஆறாம் மாதம் எங்கள் ஒரே மகள் பெனிட்டா வீட்டை விற்றுவிடலாம் என்றாள். அவளும் மருமகனும் வொயிட்ஃபீல்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். "தனியா இருந்தா வேண்டாததெல்லாம் தோணும் மம்மி. எங்களோட வந்துடுங்க" என்றாள். அன்பில் சொன்னதுதான். ஆனால் என் மாலைகளை அந்தப் பதினோராம் மாடிக்கு எப்படி எடுத்துப்போவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வீட்டுத் தரகரை வரச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஒரு துணிப்பையோடு ஹொஸ்கோட்டே பஸ் ஏறினேன். ஒரு துணிப்பை மட்டும்தான்; இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கங்கம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள். சந்தைக்கு வந்துபோய்த் தமிழும் பழகிவிட்டாள். அவர் இறந்ததை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் செடிகளுக்குள் குனிந்திருந்தாள். நான் வரப்பில் நின்றேன். அந்த நேரம் பார்த்து பெனிட்டாவின் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க மம்மி?"

"வெளியில" என்றேன்.

"வெளியிலன்னா?" என்று அவள் கேட்க, கங்கம்மா தலை நிமிராமல் "சாக்கா அம்மா?" என்று கேட்டாள். பை பாதிதான் நிறைந்திருந்தது. எனக்கு அவ்வளவு போதும். சொல்ல வாயெடுத்தேன்.

"சாக்கா? இருக்கே."

என் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில். உரத்த குரல் அல்ல. சாப்பாட்டு நேரக் குரல். திரும்பினேன். வரப்பும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை. மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது கங்கம்மா ஒரு கோணிச் சாக்கில் காயை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ஏது கங்கம்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்க குடுத்த சாக்குதானே."

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. சாக்கு நிறையும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வீடு வரை வந்த ஆட்டோக்காரர் சாக்கைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

மாலை ஆறு மணிக்கு பெனிட்டா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யார் மம்மி அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"மறைக்காதீங்க. போன்ல கேட்டுச்சு. உங்க பக்கத்துல நின்னு பேசறாரு. டாடி மாதிரியே இழுத்துப் பேசறாரு. டாடி போயி ஆறு மாசம் ஆகுது, அவரோட பேச்ச வெளி ஆளுக்குப் பழக்கி விட்டிருக்கீங்க."

என் மகள் என்னைச் சந்தேகப்பட்டாள். சிரிப்பு வந்தது. அப்படியென்றால் கேட்டது நான் மட்டுமில்லை. யாரோ வழிப்போக்கர் என்று சொல்லிவிட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாள்; திங்கட்கிழமை வீடு கைவிட்டுப் போகும். ஆனாலும் அவர் பேசியதை வேறு எவனோ பேசியதாக என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வெளி ஆள் இல்ல. உன் டாடிதான்" என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் சாக்கின் அருகே போய்க் கைவைத்துப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"இவ்ளோ காயை எப்ப உரிச்சு முடிக்கறது?"

"மூணு சாயங்காலம் ஆகும்."

"பேப்பர் எங்க வெச்சிருக்கீங்க?"

மூன்று மாலையும் இருந்தாள். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள், சின்ன வயதில் அவர் செய்துவிட்டதுபோல, பிதுக்கிய பருப்பின் தோலை விரல் நுனியில் தொப்பியாக மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை தரகர் வந்தபோதும் தொப்பி மாட்டிய விரல்களோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"வேலையா இருக்கோம் சார். அப்புறம் கூப்பிடறோம்."

"எப்ப மேடம்?"

"கூப்பிடறோம் சார்."

இன்றுவரை கூப்பிடவில்லை.

செய்தி எப்படியோ உறவுக்குள் பரவியது. வீட்டில் ஜெபம் வைக்கலாம் என்றார்கள், போதகரை அழைத்து வரட்டுமா என்று கேட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். வாரம் ஆறு நாள் இயந்திரச் சத்தத்தில் கிடந்த மனிதர், ஏழாம் நாள் வரப்பில் நின்று ஒரு வார்த்தை பேச ஆசைப்பட்டால் அதை விரட்டுவதற்கா? நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். சில வாரம் பெனிட்டா வருகிறாள், பல வாரம் தனியாக. ஏரிக்கரையில் எலுமிச்சைச் சோறு, இருட்டுமுன் வீடு, வானொலி, டீ. இதில் எதையும் யாருடைய பயத்துக்காகவும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்த ஜனவரியில் தனியாகத்தான் போனேன். கங்கம்மா குனிந்தபடியே "சாக்கா அம்மா?" என்று கேட்டாள். காத்திருந்தேன். காற்று அவரைப் பூவை அசைத்தது, அவ்வளவுதான். சரி, இனி நான்தான் சொல்ல வேண்டும்போல என்று, "சாக்கா? இருக்கே" என்றேன்.

கங்கம்மா நிமிர்ந்து, புரை படிந்த கண்ணைச் சுருக்கி, என்னையும் எனக்குச் சற்று இடப்பக்கத்தையும் பார்த்தாள்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா" என்று அலுத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னா எனக்கு எப்படி வெளங்கும்?"

எனக்குக் கேட்டது என் குரல் மட்டும்தான்.