ஐந்து அடித்த கடிகாரம்

மணிக்காரர் தெருவில் போனால் சேவல்கூட எட்டிப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்று மாநாட்டு மண்டபத்தில் சொல்வார்கள். முதலில் சொன்னது அவரேதான். இருபத்தாறு வருஷம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள், வேறு வழியில்லாமல் திருப்பிச் சொன்னார்கள்.

மண்டபத்தில் முப்பத்தொரு கடிகாரங்கள். எல்லாம் அவர் பொறுப்பு. பெரிய கூடத்துச் சுவரில் இருந்தது தலைப்பிள்ளை. அதன் முகம் கூடத்துக்குள் இருக்கும், வயிறு மட்டும் சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில். மணிக்கு மணி கணீரென்று அடிக்கும். அது பன்னிரண்டு அடித்தால் மூன்றாவது தெருவில் படுத்திருக்கிற நாய் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பார். ஒரு நிமிஷம் பிந்தியது என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் விடுவார். அவருக்கு மீசை கிடையாது.

அந்த வருஷம் அந்தக் கூடத்தில்தான் நம் நாடும் பக்கத்து நாடும் அணு ஒப்பந்தம் பேச உட்கார்ந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டது அது. அவர்கள் எரிபொருள் தருவார்கள், நாம் மின்சாரம் எடுப்போம். யாரும் குண்டு செய்யக்கூடாது. செய்யவில்லை என்பதை அவர்கள் ஆள் இங்கே வந்து பார்ப்பார், நம் ஆள் அங்கே போய்ப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்குள் புதுக் கையெழுத்து விழ வேண்டும்.

மணிக்காரருக்கு இதில் வயிற்றுக் கவலை ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு அந்த எரிபொருளில் ஓடுகிற மின்நிலையத்தில்தான் வேலை. குளிர்நீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவர். கையெழுத்து விழாவிட்டால் நிலையம் மூடும். மகள் குடியிருக்கிற இரண்டு அறை வீடும் நிலையத்துடையது. அவள் தினமும் போனில் கேட்பாள்.

"அப்பா, போட்டுருவாங்களா?"

"போடாம எங்க போவாங்க? பேனாவுக்கு மை ஊத்தினதே நான்தாம்மா."

சாப்பாட்டுக் கூடத்திலும் இதே பேச்சு. மைக்காரர், அதாவது கூடத்தின் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவர், எதிர்க்கட்சி.

"பக்கத்து வீட்டுக்காரன் நம்ம அடுப்படிக்குள்ள வந்து சட்டி சட்டியா மூடியத் தொறந்து பாக்குறான். உனக்கு ரோஷமே கிடையாதாய்யா?"

"நம்ம ஆளும்தான் அவன் சட்டியத் தொறக்குறான். விளக்கெரிக்கிற சரக்கும் ஊரைக் கொளுத்துற சரக்கும் ஒரே சட்டியில வேகுதுன்னு மாப்பிள்ளை சொல்றாரு. தொறந்து பாத்தாத்தானே தெரியும்?"

"அவன் ஒண்ணை ஒளிச்சு வச்சிருந்தா?"

"நீ போய்ப் பாக்காம வீட்லயே உக்காந்திருந்தா இன்னும் நல்லா ஒளிப்பான்!"

"போய்யா. மாப்பிள்ளை வேலைக்குப் பயந்துக்கிட்டு உலக சமாதானம் பேசுற."

மணிக்காரர் சிரித்தார். பாதி உண்மைதானே.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மண்டபத்துச் செயலாளரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பேச்சு முடியவில்லை, இரண்டு விஷயம் இழுக்கிறது. எரித்து முடித்த சரக்கை யார் திரும்ப வாங்கிக்கொள்வது என்பது ஒன்று. வருஷத்துக்கு எத்தனை முறை வந்து பார்ப்பது என்பது இன்னொன்று.

"ஐந்து அடிக்கிறதுக்கு முன்னாடி பெரிய கடிகாரத்தை நிறுத்திடுங்க. கூடத்துக் கடிகாரம் ஐந்து அடிக்கலன்னா ஐந்து ஆகலன்னு ரெண்டு தரப்பும் வாய்ப்பேச்சா ஒத்துக்கிட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

பெரிய மனிதர்கள் இப்படியும் செய்வார்கள் என்று அவருக்கு அன்றுதான் தெரியும். சூரியனை வேண்டுமானாலும் நிறுத்தித் தருகிறேன் என்றுதான் சொல்ல வந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நாலு ஐம்பத்தைந்துக்கு ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். சொந்தப் பிள்ளையின் மூக்கைப் பொத்தியதுபோல இருந்தது.

கூட்டம் ராத்திரி கலைந்து சனிக்கிழமை காலையில் மறுபடி கூடியது. கூடத்தில் இன்னும் வெள்ளிக்கிழமை நாலு ஐம்பத்தைந்து. மைக்காரர் விடுவாரா?

"என்ன மணிக்காரரே, தலைப்பிள்ளை மண்டையப் போட்டுடுச்சா? மீசையை எடுக்கக் கத்தி கொண்டு வரட்டுமா?"

சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. பாத்திரம் கழுவுகிறவர்கூடக் குழாயை மூடிவிட்டு வந்து சிரித்தார். மணிக்காரரின் நாக்கு நுனியில் பதில் நின்றது. சொல்ல முடியாது. அடுத்தவனைக் கேலி பேசியே வளர்ந்த உடம்புக்கு, வாங்கிய கேலியைத் திருப்பிக் கொடுக்க முடியாதது காய்ச்சல் மாதிரி. போதாக்குறைக்குப் படக்காரர்கள் வாசலில் வந்து காத்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் படம் நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் வரும். தலைவர்களின் தலைக்கு மேலே செத்த கடிகாரமும் வரும்.

பிற்பகல் மூன்று இருபதுக்கு அவர் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் கைதட்டல் கேட்டது. இடி மாதிரி கைதட்டல்.

முடிந்துவிட்டது, போட்டுவிட்டார்கள்! மகளின் வீடு தப்பியது. அவர் அறையிலேயே ஒரு குதி குதித்தார். அடுத்த நினைப்பு, படக்காரர்கள் உள்ளே வருவதற்குள் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பது. அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. எட்டிப் பார்க்க நாலு எட்டுப் போதும். அவர் போகவில்லை.

நாலு ஐம்பத்தைந்திலிருந்து மூன்று இருபதுக்கு முள்ளைப் பின்னால் திருப்பியிருந்தால் ஒன்றரைச் சுற்றில் முடிந்திருக்கும். ஆனால் அடிக்கிற கடிகாரத்தைப் பின்னால் திருப்பக் கூடாது, பல் உடையும். முன்னால்தான் தள்ள வேண்டும், ஒவ்வொரு மணியையும் நின்று அடிக்கவிட்டுத்தான் நகர வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் பிறழாத முறை. அன்றும் பிறழவில்லை. சீட்டியடித்துக்கொண்டே தள்ளினார்.

கணீர், கணீர் என்று ஐந்து அடித்தது.

கைதட்டல் நின்றது. அவருக்கு அது மரியாதையாகத் தோன்றியது. ஆறும் அடிக்கவிட்டார். ஏழு மணியை நோக்கி முள் போகும்போது மைக்காரர் கதவை உடைக்காத குறையாக உள்ளே விழுந்தார்.

"நிறுத்துய்யா பாவி! இன்னும் கையெழுத்துப் போடலய்யா!"

சரக்கைத் திரும்ப வாங்குகிற விஷயம் மட்டும்தான் முடிந்திருந்தது. அதற்குத்தான் கைதட்டல். எத்தனை முறை வந்து பார்ப்பது என்பது பாக்கி. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கூடத்துக் கடிகாரம் தன்பாட்டில் ஐந்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. பக்கத்து நாட்டுத் தூதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாராம். "மணி அடித்துவிட்டது. ஐந்துக்கு மேல் கையெழுத்துப் போட எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்றாராம். காகிதங்களை அடுக்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். நம் ஆட்கள் வாசல்வரை பின்னாலேயே ஓடினார்கள்.

அவர்களுக்குப் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, இது இல்லாவிட்டால் இன்னொன்று என்று செயலாளரம்மா பிற்பாடு சொன்னார். அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதி மணிக்காரரின் வேலையைக் காப்பாற்றியதும் அந்த அம்மாதான். தன் கடிகாரத்துக்குக் கோளாறு என்று எழுதியதைப் படித்துவிட்டு, கீழே மணிக்காரரே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறோம் என்றார்கள். குறிக்கவேயில்லை. பார்க்க வந்தவர்கள் பெட்டி கட்டினார்கள். அங்கே போன நம் ஆட்களும் திரும்பினார்கள். நாங்கள் குண்டு செய்யவில்லை என்று இரண்டு நாடும் டிவியில் மாறி மாறிச் சொல்லின. போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அடுப்படிக் கதை பேசிய மைக்காரர்கூட இப்போது செய்தி வந்தால் சத்தத்தைக் குறைக்கிறார்.

அதற்கு எட்டாம் மாதம் நிலையம் மூடியது. மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மணிக்காரர் பெட்டி கட்ட உதவப் போனார்.

"எல்லாம் ஒரு ஓட்டைக் கடிகாரத்தால வந்தது மாமா," என்றார் மாப்பிள்ளை கயிற்றை இழுத்துக்கொண்டே.

"ஓட்டை இல்ல மாப்பிள்ளை. நான்தான் ஓட்டிவிட்டேன்."

முழுக்கச் சொன்னார். கைதட்டலைச் சொன்னார், ஐந்தைச் சொன்னார், ஆறைச் சொன்னார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாமா, ரெண்டு நாட்டு ஒப்பந்தத்தையும் நீங்க ஒருத்தரே கவுத்தீங்களாக்கும்! போன தடவை புயலை நிறுத்தினீங்க."

இன்னும் சிரித்தபடியே அடுத்த பெட்டியை எடுக்கக் கீழே போனார்.

மகள் சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த போர்வை கையிலேயே இருந்தது.

"கைதட்டினாங்க சரி. ஒரு தடவை கதவைத் தொறந்து பாத்திருக்கலாம்ல அப்பா?"

"பாத்திருக்கலாம்."

"ஏன் பாக்கல?"

அவர் தேடினார். பொய் பத்துக் கிடைத்தது, எல்லாம் நல்ல பொய்.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா," என்றார். "காலையில சாப்பிடுற இடத்துல. அதான்."

"சிரிச்சதுக்காகவா?"

"ஆமா."

அவள் போர்வையை மடித்து முடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய் மீதமிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் போய் நின்று காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.