‘நிறுத்தியாச்சா’ அக்கா

“அவரு இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டேதான் அக்கா வீட்டுக்குள் வந்தார்.

கதவைத் திறந்த வீட்டம்மா, “இருக்காரே, உள்ள பேப்பர் படிக்கிறாரு. கூப்பிடவா?” என்றார்.

“உங்க வீட்டுக்காரரக் கேக்கலம்மா. கரண்ட்டக் கேக்கறேன்.”

மின்சாரத்தை அக்கா பெயர் சொல்லி அழைப்பதில்லை. எப்போதும் ‘அவரு’தான். “அவரு வந்துட்டாரு”, “அவருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல, ஏறி ஏறி இறங்கறாரு.” இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை. இந்த வீடு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்காவுக்கு வைத்த பெயர் ‘நிறுத்தியாச்சா அக்கா’. ஏணியில் கால் வைக்கும் முன் “நிறுத்தியாச்சா?” என்று கேட்பார். “நிறுத்தியாச்சு” என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். அப்புறம் எதற்குக் கேட்கிறாராம்? “கேக்கறது மரியாதைக்கு. பாக்கறது உயிருக்கு.”

ஐந்தடிக்கும் குறைவான உருவம். சுடிதாருக்கு மேல் இரண்டு பை வைத்த ஆண்பிள்ளைச் சட்டை. வீட்டுக்குள் போடுவதற்கென்றே துடைத்து வைத்த ரப்பர் ஷூ தனியாகப் பையில் இருக்கும். வளையலையும் மோதிரத்தையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைத் தொடுவார். ஏணியும் சொந்த ஏணி. யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால், “அது உக்கார்றதுக்கும்மா” என்பார்.

இடது மணிக்கட்டு மட்டும் முழுதாக மடங்காது. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு மனிதர் “நிறுத்தியாச்சு” என்று கத்தியிருக்கிறார். அவர் நிறுத்தியது பக்கத்து அறைக் கரண்ட்டை. “நம்ம ‘அவரு’ ஏணியில இருந்து தூக்கிப் போட்டாரு. கை ஒடைஞ்சுது, புத்தி வந்துது. சல்லிசாப் போச்சு” என்று சிரிப்பார்.

இந்த வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார். கூடத்துக்கென்று பித்தளையில் மூன்று கிண்ணம் வைத்த தொங்கு விளக்கு வாங்கியிருந்தார். பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்ட வேண்டும்.

“இதெல்லாம் நானே மாட்டிருவேன். இவதான் விடல.”

“நேத்து முக்காலி மேல ஏறிட்டாருக்கா. காலைப் பிடிச்சேன்” என்றார் மனைவி.

“கெஞ்சினீங்களா?”

“இழுத்தேன்.”

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன். ஆஃப்னா ஆஃப். இதுல ஆராய்ச்சி என்ன இருக்கு?”

அக்கா வாதாடவில்லை. முதலில் டெஸ்டரைச் சுவரிலிருந்த பிளக்கில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. டெஸ்டர் பொய் சொல்லாது என்று தெரிந்த பிறகு ஏணியில் ஏறி, பழைய விளக்கின் மூடியைத் திருகி இறக்கி, உள்ளே வயர் முனையில் வைத்தார்.

அதே சிவப்பு.

“வாத்தியாரே, கொஞ்சம் வந்து பாருங்க.”

வாத்தியார் சுவிட்சைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது. டெஸ்டரைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

“எவனோ வயர மாத்திக் குடுத்திருக்கான். சுவிட்ச அணைச்சா வெளக்கு அணையும். அவரு போகமாட்டாரு. உள்ளயே சம்மணம் போட்டு உக்காந்திருப்பாரு. நேத்து நீங்க கைய வெச்சிருந்தா…”

வாத்தியார் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் இருக்கிறதா என்பதுபோல. “பாத்தீங்களா” என்று ஒரு வார்த்தை சொல்ல மனைவிக்கு முழு உரிமை இருந்தும், பக்கத்தில் வந்து நின்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிக் கோளாறாக வயர் ஓடும் வீட்டில் அரைகுறை நம்பிக்கை வேண்டாம் என்று மெயினையே இறக்கினார் அக்கா. அதன் மேல் டேப் ஒட்டி, “யாரும் தொடாம பாத்துக்கங்க” என்று வாத்தியாரை அங்கே நிறுத்தினார். வெளியே மாடிப்படி பிளக்கில் ஒரு முறை டெஸ்டரைச் சரிபார்த்து, மறுபடி ஏறி ஒவ்வொரு வயரையும் அதால் தொட்டுப் பார்த்தார். ஒன்றிலும் உயிரில்லை. அதற்குப் பிறகுதான் வெறுங்கை போனது.

பாதி வேலையில் உள்ளறைக் கதவு திறந்தது. வாத்தியாரின் மாமியார். டிவி அணைந்துவிட்டதாம்.

“மாப்பிள்ள, நவுருங்க. சீரியல்ல இன்னிக்குத்தான் அவ உண்மையச் சொல்லப் போறா.”

“முடியாது அத்தை.”

கலியாணமாகிப் பதினொரு வருடத்தில் மாமியாரிடம் அவர் சொன்ன முதல் ‘முடியாது’ அது. இரண்டு கையையும் விரித்து மெயின் பெட்டியை மறைத்து நின்றார். மாமியார் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

“மேல ஒரு உயிர் இருக்கு அத்தை.”

மாமியார் அண்ணாந்து பார்த்தார். “அட, பொம்பளப் புள்ளையா! மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று சொல்லி, போய் ஏணியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா சுவிட்சுப் பெட்டியைத் திறந்து மாறியிருந்த வயரை நேராக்கினார். கூரைக் கொக்கியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்த பிறகே பித்தளை விளக்கைத் தொங்கவிட்டார். “இந்தப் பச்சை வயர் சும்மாதானே?” என்று வாத்தியார் அங்கிருந்தே கேட்க, “சும்மா இருக்கறவரைக்கும் நமக்கு நல்லது. என்னிக்காவது இந்தப் பித்தளையில அவரு ஏறினா, தரைக்கு இழுத்துட்டுப் போறது இதுதான்” என்று அதையும் முறுக்கி இறுக்கினார்.

மெயின் ஏறியது. சுவிட்சைப் போடும் உரிமையை வாத்தியாருக்கே கொடுத்தார். மூன்று கிண்ணமும் ஒன்றாக மலர்ந்தன. மாமியார் கைதட்டிவிட்டு டிவிக்கு ஓடினார். அங்கே உண்மையை அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா கிளம்பவில்லை. மோதிரம் கைக்குட்டையிலேயே இருந்தது. டீயை நிதானமாகக் குடித்தார். விளக்கு கால் மணி நேரம் எரிந்தது. “இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா அக்கா?” என்றார் வாத்தியார்.

“ஒண்ணுமில்ல. எரிஞ்ச பெறகு சூடு ஏதும் ஏறியிருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்.”

எழுந்து விளக்கை அணைத்தார், ஏணியில் ஏறினார். டெஸ்டரை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல, அந்தப் பித்தளையின் மேல் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார்.